காட்டுவோனும் காட்டப்படுவோனும்

காவியத்திற்கு உரை எழுதுவோனைப் புலவன் என்கிறோம். கல்லுக்கும் மரத்துக்கும் தறிக்கும் பானைக்கும் அருகில் நின்று, வந்தவர்க்கு அவற்றின் பொருளை எடுத்துரைப்போனை என்னவென்று அழைக்கிறோம்? வழிகாட்டி என்கிறோம். வேலை முடிந்ததும் அவன் கையில் இரண்டு வெள்ளியை வைத்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம். அவன் சொன்னதும் ஓர் உரையே. பொருளைக் கண்ணாற் கண்டவன், அவன் சொல்லைக் காதாற் கேட்டு, இரண்டையுஞ் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு போகிறான். பொருள் மறந்த பின்னும் சொல் நிற்கிறது. ஒரு நாட்டைப் பற்றியும் ஒரு ஜாதியாரைப் பற்றியும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கொண்டிருக்கும் எண்ணம், பொருட்காட்சி மைதானத்தில் நின்றபடி கேட்ட அரை மணி நேரப் பேச்சினால் உண்டானதாக இருக்கலாம். அங்ஙனமிருக்க, இவ்வுரையை இலக்கியமாக வைத்து ஆராய்வார் நம்மிடையே இல்லை. எழுத்தில் நில்லாத சொல் ஆராய்ச்சிக்கு அருகதையற்றது என்னும் எண்ணம் அதற்கு ஒரு காரணம். கூலிக்குச் சொல்லும் சொல்லில் கலை ஏது என்னும் செருக்கு மற்றொன்று.

நல்வாய்ப்பாக, அவ்வாறு நின்று சொன்னவருள் ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறார். திரைலோக்கியநாத் முகர்ஜி என்பது அவர் பெயர். 1847 இல் பிறந்து 1919 இல் மறைந்த வங்காளத்தவர். வங்காள வாசகர்கள் அவரைக் ‘கங்காவதி’ முதலிய விசித்திரக் கதைகளின் ஆசிரியராக அறிவர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவர் ஆங்கிலத்தில் எழுதி 1889 இல் கல்கத்தாவில் வெளியான ‘எ விஸிட் டு யூரோப்’ என்னும் பிரயாண நூலை. சீமைக்குப் போய் வந்த இந்தியர் எழுதிய நூல்கள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை பாலத்தைக் கண்டு வியக்கும். ரயிலைக் கண்டு வியக்கும். பனியைக் கண்டு நடுங்கும். இந்நூலிலும் அவை உண்டு. ஆனால் இதனைத் தனித்து நிறுத்துவது வேறொன்று. பொருட்காட்சியில் பொருள்களை விளக்க அனுப்பப்பட்ட ஒருவர், அங்கே தாமும் ஒரு பொருளாய்ப் பார்க்கப்படுவதை உணர்ந்து, அவ்வுணர்ச்சியை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1886 மே 4 ஆம் நாள் விக்டோரியா அரசியார் லண்டன் தென் கென்சிங்டனில் காலனி–இந்தியப் பொருட்காட்சியைத் திறந்து வைத்தார். தோட்டக்கலைச் சங்கத்தாரின் தோட்டமாயிருந்த நிலத்தில், கூடங்களும் முற்றங்களும் நீரூற்றுக்களுமாக அது அமைந்திருந்தது. மாலையில் ஊற்றுக்களின்மேல் மின்விளக்கு வீசினார்கள். சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் அடங்கிய ஸ்டிரெயிட்ஸ் செட்டில்மெண்டுக்கும் அங்கே ஒரு பகுதி இருந்தது. நவம்பரில் மூடும் வரையில் ஏறத்தாழ 55 லட்சம் ஜனங்கள் வந்து போயினர். இந்திய விளைபொருள்களிலும் கைத்தொழில்களிலும் நல்ல பயிற்சி உடையவர் என்பதற்காகவே சர்க்கார் முகர்ஜியை அங்கே அனுப்பினார்கள். அவர் வெறும் குமாஸ்தா அல்லர். இரண்டாண்டு கழித்து 1888 இல் கிளாஸ்கோ பொருட்காட்சிக்காக இந்தியக் கைவினைகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது. பிற்காலத்தில் கல்கத்தா அரும்பொருட்சாலையிலும் அவர் உத்தியோகம் பார்த்தார்.

அத்தகைய அறிஞர் கூட்டத்தின் நடுவே நிற்கிறார். கூட்டமோ அவர் கைகாட்டும் பொருளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கிறது. அவர் தலைப்பாகையையும் நிறத்தையும் நடையையும், அவர் காதுபடவே விவாதிக்கிறது. இதற்கு முன் ஜூலுக்களை வைத்துக் காட்டினார்கள். இப்பொழுது அமெரிக்காவின் செவ்விந்தியத் தலைவனைக் காட்டுகிறார்கள். நடுவில் நாங்கள் அகப்பட்டோம் என்ற கருத்துப்பட அவர் எழுதுமிடம் நூலின் உச்சிகளில் ஒன்று. கோபம் அங்கே இருக்கிறது. ஆனால் அது சிரிப்பின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது. ஓர் இளம்பெண்ணோடு அவர் ஆங்கிலத்தில் உரையாடுகிறார். அவளுக்கு அளவிலா மகிழ்ச்சி. அவர் சொன்ன செய்தியினால் உண்டான மகிழ்ச்சியன்று அது. ஒரு கறுப்பு மனிதனோடு தான் பேசிக்கொண்டிருப்பதைத் தன் தோழிமார் பார்க்க வேண்டுமே என்னும் மகிழ்ச்சி. சொன்னவர் நின்றுவிட்டார், சொல் காற்றிற் போயிற்று. பொருட்காட்சியில் வழிகாட்டி நின்றவர் எவரும் இவ்விடத்தைப் படித்துப் பெருமூச்சு விடாமல் இருக்க மாட்டார்கள்.

இனி ஒரு குறை. உங்களுக்கு எத்தனை மனைவியர் என்று வந்தவரெல்லாம் கேட்கிறார்கள். முகர்ஜியும் தோழர்களும் சலித்துப் போய் விளையாடத் தொடங்குகிறார்கள். இருநூற்றைம்பது, எங்கள் நாட்டில் அதுதான் வழக்கமான தொகை என்கிறார் ஒருவர். சிற்றுண்டி பரிமாறும் பெண்ணிடம், என் வீட்டில் நாற்பதாவது மனைவியின் இடம் அண்மையில் காலியாயிற்று, வருகிறாயா என்று கேட்கிறார்கள். எவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னாலும் நம்புகிறார்கள் என்று முகர்ஜி நகைக்கிறார். நாமும் நகைக்கிறோம். ஆயினும் யோசித்துப் பாருங்கள். அறியாமையை ஏளனஞ் செய்யப் போன விகடம், அறியாமைக்கே தீனியாயிற்று. கேட்டவன் அதனை விகடமாக வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. செய்தியாகக் கொண்டு போனான். இந்தியரே சொன்னார் என்று ஊரெல்லாஞ் சொன்னான். புத்தகத்தில் இவ்விகடத்தைப் படிக்கும் நமக்கு அதன் கூர்மை தெரிகிறது. மைதானத்தில் கேட்டவனுக்கு அது தெரிந்திராது. எழுத்தாளராக முகர்ஜிக்கு இங்கே வெற்றி. வழிகாட்டியாக அவர்க்குத் தோல்வி. ஒரே வாய்மொழிக்கு இரண்டு தீர்ப்புக் கூற வேண்டியிருப்பதை எண்ணித்தான் இக்கலையைத் தனியே ஆராய வேண்டுமென்று முதலிற் சொன்னோம்.

அவருடைய நையாண்டி முழுதும் இவ்வாறு வீண்போகவில்லை. இந்திய அரண்மனை என்று கட்டிவைத்த கட்டடத்தின் முன்முற்றத்தில் கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். சரிகைத் துணி நெய்வோர், கம்பளம் நெய்வோர், துணியில் அச்சுப் பதிப்போர், குயவர் எனப் பலர். அவர்களைச் சுற்றி எப்பொழுதும் நெருக்கடி. தாங்கள் என்றோ எறிந்துவிட்ட பழங் கருவிகளைக் கொண்டு இவர்கள் இத்தனை அழகைச் செய்கிறார்களே என்று வெள்ளையர் வாய்பிளந்தனராம். அவ்வியப்பை முகர்ஜி எதனோடு ஒப்பிடுகிறார்? மனிதக் குரங்கொன்று புரோகிதனாக உட்கார்ந்து, பனையோலைச் சுவடியை விரித்து, ஸமஸ்கிருத மந்திரம் சொல்லி, ஈமக் கிரியை நடத்திவைத்தால் ஓர் இந்து எங்ஙனம் வியப்பானோ, அங்ஙனம் என்கிறார்! ஒரே அடியில் இரண்டு முதுகு சிவக்கின்றன. கைத்தொழிலாளியைக் குரங்கினத்தோடு வைத்துப் பார்த்த கண்ணுக்கு ஓரடி. மந்திரஞ் சொல்லத் தெரிந்தவனே மனிதன் என்றிருக்கும் நம் கண்ணுக்கும் ஓரடி. இரண்டாவது அடியை அவர் நினைத்துத்தான் கொடுத்தாரோ, கை தவறி விழுந்ததோ, சீர்திருத்தப் பத்திரிகை வாசிக்கும் நாம் அதனை வாங்கிக்கொள்வோம்.

அம்முற்றத்திலிருந்து இன்னுஞ் சிறிது நேரம் நகராதிருப்போம். கம்பளம் நெய்தவர்கள் பாடிக்கொண்டே நெய்தார்கள். அப்பாட்டு பொழுதுபோக்கன்று. எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று ஒருவர் ராகம்போட்டுச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே முடிச்சிடுவர். பாட்டே கம்பளத்தின் வரைபடம். பாட்டு நின்றால் பூ நின்றுவிடும். கம்பளத்தின் உருவைப் பாடினார்கள் என்று முகர்ஜி சில சொற்களில் தொட்டுவிட்டு அப்பாற் போய்விடுகிறார். இருநூற்றைம்பது மனைவியர்க்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. கீழ்நாட்டான் வேலை செய்யும்போது பாடுவான் என்று மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவனை ஒரு விநாடி நிறுத்தி, அது கணக்கையா, பாட்டன்று, என்று சொல்லும் ஒரு குரல் அவ்விடத்தில் தேவையாயிருந்தது. அவ்வொரு வாக்கியம் பார்வையாளனின் தலையிலிருந்த குரங்கையும் இறக்கியிருக்கும்.

சொல்லாது விட்டது இன்னொன்றும் உண்டு. அக்கைவினைஞரை வழிவழி வந்த பரம்பரைத் தொழிலாளர் என்றே பார்வையாளர்க்கு அறிமுகஞ் செய்தனர். உண்மையில் அவர்களிற் பெரும்பாலோர் ஆக்ரா மத்திய சிறைச்சாலையில் தொழில் பயின்றவர்கள். அச்சிறையின் மேலதிகாரியாகிய டாக்டர் டைலரே அவர்களை அழைத்து வந்தார். அழகிய கம்பளத்தின் கீழே சிறைச் சுவர் இருந்தது. இதைச் சொல்லியிருந்தால் கம்பளத்தின் அழகு குன்றியிராது. ஆனால் பார்வையாளன் கேட்கும் கேள்வி மாறியிருக்கும். என்ன குற்றத்துக்கு உள்ளே போனான், என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருப்பான். பரம்பரை என்னும் சொல் அக்கேள்விகளையெல்லாம் அடக்கிவிட்டது. நம் நாட்டிலும் ஒரு தொழிலாளியைப் பற்றிக் கேள்வி வராமலிருக்க வேண்டுமானால் அதே சொல்லைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அவர்களுள் பக்ஷீராம் என்னும் குயவர்க்கு நூற்றிரண்டு வயதென்று சொன்னார்கள். அரசியாரின் கட்டளைப்படி ருடால்ஃப் ஸ்வபோடா என்னும் ஓவியர் அவருருவைத் தீட்டினார். படம் இன்றும் இருக்கிறது. களிமண்ணைப் பற்றி அந்தக் கிழவர் என்ன சொல்லியிருப்பார் என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. முகர்ஜிக்கு ஆங்கிலம் இருந்தது; ஆகவே முறைத்தவர்களைத் திரும்ப முறைத்து ஒரு புத்தகம் எழுதினார். பக்ஷீராமுக்குச் சக்கரம் மட்டும் இருந்தது.

நிற்க. முப்பத்தெட்டு ஆண்டுகட்குப் பின் இதே வேடிக்கை இன்னும் பெரிய மைதானத்தில் நடந்தது. 1924 ஏப்ரல் 23 ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வெம்பிளியில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சியைத் திறந்தார். 216 ஏக்கர் நிலம். இரண்டு பருவங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் வருகைகள். உள்ளிருந்த தெருக்களுக்குப் பெயர் வைத்தவர் கிப்ளிங். தெருவுக்குப் பெயர் வைப்பதும் வழிகாட்டுவதில் சேர்ந்ததே. எவன் பெயர் வைக்கிறானோ அவன் சொன்ன வழியில்தான் கால் நடக்கும். குவிமாடமும் கோபுரமும் வைத்துக் கட்டிய மலாயாக் கூடத்தில் ரப்பரும் வெள்ளீயமும் இருந்தன. அவற்றோடு மனிதரும் இருந்தனர். காட்சியிலே தங்கியிருந்த பல நாட்டாரையும் ‘இங்கு வசிக்கும் இனங்கள்’ என்று தொகுத்துக் குறித்தார்கள். பொருள்களின் அட்டவணை முடிந்தபின் மனிதர்களின் அட்டவணை!

இம்முறை எதிர்ச்சொல் புத்தகம் வரும்வரை காத்திருக்கவில்லை. மேற்காப்பிரிக்கப் பகுதியையும் அங்கிருந்த மக்களையும் இழிவுபடுத்தி லண்டன் பத்திரிகைகளில் எழுதினார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்க மாணவர்கள் எதிர்த்து எழுந்தனர். நைஜீரியாவிலிருந்து சட்டம் படிக்க வந்த லாடிப்போ சோலாங்கே பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். மறு ஆண்டாகிய 1925 இல் மேற்காப்பிரிக்க மாணவர் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியவருள் அவரும் ஒருவர். முகர்ஜி சிரித்தார், சோலாங்கே கண்டித்தார். இலக்கியச் சுவையில் முகர்ஜியே மேல். ஆனால் பொருட்காட்சி அதிகாரிகளின் காதில் ஏறியது எது என்று கேட்டால் வேறு விடைதான் வரும்.

காட்டப்படுவோனே காட்டுவோனாக நின்ற இடம் ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு, அதுவும் பாதி. ஸ்வீடனில் ஆர்ட்டூர் ஹாஸேலியஸ் என்பவர் 1891 இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்ஸென் என்னும் திறந்தவெளிக் காட்சியை அமைத்தார். நாட்டுப்புறத்துக் குடியானவர் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து குன்றின்மேல் நிறுத்தினார். வந்தவர்க்கு வழிகாட்ட, டாலர்னா மாகாணத்துப் பெண்களை அவர்கள் ஊர் உடையிலேயே நிறுத்தும் வழக்கத்தை 1873 இல் தொடங்கிய தமது பழைய காட்சிச்சாலையிலேயே அவர் உண்டாக்கியிருந்தார். ஊர்ப் பெண் ஊர்ப் பொருளைப் பற்றி ஊரார்க்குச் சொன்னாள். அங்கே கேட்பவனுக்கும் சொல்பவளுக்கும் நடுவில் மதில் இல்லை. ஆனால் அதே குன்றில் வடக்கத்திச் சாமி மக்களின் கூடாரமும் இருந்தது. அவர்கள் வாழ்வதையே காட்சியாக வைத்தார்கள். தன் இனத்தானை வழிகாட்டியாக்கத் தெரிந்த மனம், சிறுபான்மையானைக் காட்சியாக்கிவிட்டது. ஹாஸேலியஸை முழுமனத்தோடு புகழவிடாமல் அக்கூடாரம் தடுக்கிறது.

நம் காலத்தோடு ஒட்டிய ஓர் இலக்கணமும் இக்கலைக்கு உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக ஃப்ரீமன் டில்டன் என்பவர் 1957 இல் எழுதினார். செய்தி வேறு, விளக்கம் வேறு. பார்ப்பவனின் வாழ்க்கையோடு ஒட்டாத பேச்சு மலட்டுப் பேச்சு என்பது அவர் கோட்பாடு. நல்ல கோட்பாடுதான். ஆயினும் அவர் கேட்பவன் பக்கமே நின்று பேசுகிறார். விளக்கப்படும் பொருளின் பக்கத்தில் ஓர் ஆள் உயிரோடு நின்றால் அவனுக்கு என்ன பங்கு என்பது நம் கேள்வி.

இக்கேள்வி நமக்குப் புத்தகக் கேள்வியன்று. இம்மலாய் நாட்டிலும் சிங்கப்பூரிலும் உள்ள பூங்காக்களையும் பழம்பொருள் இடங்களையும் சுற்றிப் பாருங்கள். அபாயம், உள்ளே வராதே என்று தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்பதைத் தமிழில் எழுதப் பல இடங்களில் மனம் வருவதில்லை. தடுப்பதற்கு நம் மொழி வேண்டும், சொல்வதற்கு வேண்டாம்.

சில ஆண்டுகட்கு முன் சுற்றுலா வருவோர்க்கெனத் திறந்துவைத்த ஒரு தோட்டக் காட்சிக்குப் போயிருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். நான்கைந்து ரப்பர் மரங்கள். கீழே ஒரு பலகை: 1877 இல் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, ரிட்லி துரை, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார் என்று அதில் எழுதியிருந்தது. எல்லாம் உண்மைதான். மரத்தடியில் ஓர் அம்மாள் உளியோடு நின்றார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். தலையில் கட்டிய துணி, பால் கறை படிந்த சட்டை. வழிகாட்டி நல்ல பிள்ளை; மூன்று மொழிகளில் சரளமாகப் பேசினார். அவர் கைகாட்டியதும் அம்மாள் கோடு இழுத்தார், பால் வழிந்தது, எல்லாரும் படம் பிடித்தார்கள். ஏன் விடியற்காலையில் வெட்டுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். வெயிலுக்கு முன்னே வேலையை முடித்துவிட்டால் அவர்களுக்குச் சுகம் என்றார் வழிகாட்டி. கூட்டம் தலையசைத்தது.

அம்மாளின் உதட்டில் ஒரு சிரிப்பு ஓடியதைக் கண்டேன். கூட்டம் நகர்ந்ததும், “அவர் சொன்னது சரிதானா அம்மா?” என்று கேட்டேன்.

“சுகமா!” என்றார். “வெயில் ஏறினா பால் சுருங்கிப்போகும் தம்பி. விடியறதுக்கு முந்தி மரம் தண்ணி குடிச்சு நிறைஞ்சு நிக்கும். அப்ப வெட்டினாத்தான் பால் நிக்காம ஓடும். பால் பட்டையிலே இருக்கு, கட்டையிலே இல்லை. கட்டையைத் தொட்டா மரம் புண்ணாயிடும். தொடாமப் பயந்து மேலாக வெட்டினா பால் வராது. அந்த இருட்டிலே நெத்தி விளக்கை வெச்சுக்கிட்டு அந்த அளவுக்குக் கத்தி போகணும். எனக்குப் பதிமூணு வயசிலே எங்க அம்மா கத்துக்குடுத்தது.”

தாவர நூலார் சொல்வதும் இதுவே. பட்டைக்குள் இருக்கும் பாற்குழல்களின் அழுத்தம் இரவு கழியும் வேளையில் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க இழக்க அது தாழும். கோட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குச் சரித்து இழுப்பதும், அக்குழல்கள் சற்றே சாய்ந்து ஓடுவதனால் மிகுதியானவற்றை அறுப்பதற்காகத்தான். பலகையில் ரிட்லிக்கு இரண்டு வரி கொடுத்தவர்கள், அம்முறையை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில், ஒரு நெல்லின் கனத்தளவும் பிசகாமல் செய்து காட்டிய கைகளுக்கு ஒரு வரியும் கொடுக்கவில்லை. அக்கையோ பலகைக்கு மூன்றடி தூரத்தில் நிற்கிறது. கேட்டால் சொல்லும்.

“நீங்களே இதை அவங்ககிட்டச் சொல்லலாமே அம்மா?” என்றேன்.

“எனக்கு வெட்டத்தானே சம்பளம்” என்றார். சொல்லிவிட்டு மங்கைத் துடைத்து மறுபடி வைத்தார். அடுத்த வண்டி வந்து நின்றுவிட்டது. அதே மரத்தில், அதே கோட்டுக்குக் கீழே, அன்று நான்காவது முறையாக உளியை வைத்தார். “தோட்டத்திலே இப்படி வெட்டியிருந்தா கங்காணி சும்மா விட்டிருக்க மாட்டார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வழிகாட்டி கூட்டத்தை அழைத்துக்கொண்டு வந்து, கியூ தோட்டத்திலிருந்து தொடங்கினார்.